எம்டனுக்கு நான்காவது புகைபோக்கி

சென்ற ஞாயிறு இரவு பதினொன்றரைக்கு என் காகிதக் கப்பலின் கடைசி நூலைக் கட்டி முடித்தேன். பின்பாய்மரத்தின் உச்சியிலிருந்து அமரத்துக்கு, அதாவது கப்பலின் பின்முனைக்கு, இறங்கும் நூல். பசை காய்ந்ததும் அடிமட்டத்தை எடுத்து அளந்தேன். 47.2 சென்ரிமீற்றர். 118.3 மீற்றர் நீளமான கப்பலை 250-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 47.3 வர வேண்டும். ஒரு மில்லிமீற்றர் எங்கோ போய்விட்டது. இதற்கு முந்திய முயற்சியில் பதினான்கு மில்லிமீற்றரைத் தொலைத்தவனுக்கு இது ஒரு கணக்கே அல்ல.

கப்பல் எம்டன். 1914 செப்டெம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டு எரித்துவிட்டு, அடுத்த சில நாட்களில் நம்முடைய கரைக்கு அப்பால் சரக்குக் கப்பல்களைப் பிடித்து மூழ்கடித்த ஜெர்மன் கப்பல். எங்கள் வீட்டில் அது கப்பலின் பெயராக இருந்ததை விட வசவாக இருந்த காலமே அதிகம். நான் அலுமாரிக்கு மேல் ஒளித்து வைத்த மாங்காய்களைத் தின்றுவிட்டு ஒன்றும் அறியாதவன் போல நிற்கும்போது அம்மம்மா "இவன் ஒரு எம்டன்" என்பார். அது ஒரு கப்பல் என்று தெரிந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. கட்ட வேண்டும் என்று தோன்றியது நாற்பத்தொன்றில்.

ஜெர்மனியில் இருக்கும் பெரியம்மாவின் மகன், அண்ணா, சென்ற சித்திரைக்கு வந்தபோது ஒரு தட்டையான உறையைக் கொண்டுவந்தார். உள்ளே வண்ணத்தில் அச்சிட்ட பன்னிரண்டு தாள்கள். வெட்டி, மடித்து, ஒட்டினால் கப்பல். அங்கே 1:250 அளவில் காகிதக் கப்பல் கட்டுவது பழைய பொழுதுபோக்கு. தாத்தாக்களும் பேரன்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து செய்வார்களாம். நான் செய்த ஒரேயொரு புத்திசாலித்தனம், வெட்டுவதற்கு முன் எல்லாத் தாள்களையும் ஸ்கேன் செய்து வைத்தது. அது இல்லாவிட்டால் இந்தக் கதை ஆனியிலேயே முடிந்திருக்கும்.

செய்முறைக் குறிப்பு முழுவதும் ஜெர்மன் மொழியில். படங்களைப் பார்த்தே பெரும்பாலும் சமாளித்தேன். புரியாத சொற்களை அண்ணாவிடம் தொலைபேசியில் கேட்டேன். "குறுக்கே நிற்கும் விலா எலும்பு மாதிரி" என்று அவர் ஒரு சொல்லை விளக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த அம்மா, "வங்கு என்று சொல்லேன்" என்றார். அம்மம்மா வல்வெட்டித்துறை. 1938-இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை பாயில் ஓடிப்போன அன்னபூரணி என்ற கப்பலைக் கட்டிய ஊர். ஆகவே வங்கு, ஏரா (கப்பலின் அடிமரம்), அணியம் (முன்முனை), அமரம் எல்லாம் எங்கள் வீட்டில் ஏற்கனவே கிடந்த சொற்கள்தான். இந்தக் கப்பலுக்கு ஏரா மட்டும் கிடையாது. நீர்மட்டத்துக்குக் கீழே எதுவும் இல்லாத மாதிரியுரு இது, மேசையே கடல். எம்டனின் இரண்டு டோர்பிடோக் குழாய்களும் நீருக்குள் இருந்தபடியால் அவற்றைக் கட்டும் வேலையும் மிச்சம்.

முதல் உடல்: வாழைப்பழம்

வைகாசியில் தொடங்கினேன். அதுவே முதல் பிழை. எங்கள் வீடு கொழும்பில், வெள்ளவத்தையில், கடலோரத் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம். தென்மேல் பருவக்காற்று தொடங்கிவிட்டால் யன்னல் சேலையைத் தொட்டாலே ஈரம் கையில் ஒட்டும். உப்புப் போத்தலுக்குள் அரிசி போட்டு வைக்கும் வீட்டில் காகிதக் கப்பல் கட்டப் போகிறோமே என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

எலும்புக்கூட்டுக்கு ஒரு மில்லிமீற்றர் மட்டை வேண்டும். புறக்கோட்டையில் மலிபன் வீதிக்குப் போய் சாம்பல் நிற மட்டையில் நான்கு பெரிய தாள் வாங்கினேன். அச்சிட்ட வங்குகளை அந்த மட்டையில் ஒட்டி, பிறகு வெட்ட வேண்டும். ஒட்டுவதற்குக் கோதுமை மாக் கூழ் காய்ச்சினேன். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் அதைத்தானே பயன்படுத்துகிறார்கள் என்ற நினைப்பு. ஒட்டி, தடித்த அகராதிகளை மேலே அடுக்கி ஓரிரவு வைத்தேன். காலையில் மேலே காய்ந்திருந்தது. உள்ளே காயவில்லை என்பது எனக்குத் தெரியவில்லை, மட்டைக்குத் தெரிந்திருந்தது.

அடித்தகடு ஒன்று, நடுவே நெடுக ஓடும் தகடு ஒன்று, குறுக்கே பதினேழு வங்கு. காடிகளில் (மட்டையில் வெட்டிய பிளவுகளில்) ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பொருந்தவில்லை. பக்கத்து வீட்டில் வேர்னியர் இரவல் வாங்கி அளந்தபோது, கூழும் தாளும் சேர்ந்த மட்டை 1.3 மில்லிமீற்றர் இருந்தது. காடியோ 1.0-க்கு வரைந்தது. அழுத்தித் திணித்தேன். பதினேழு காடிகளிலும் திணித்தால் ஒவ்வொன்றும் நடுத்தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அகட்டும். மேல்விளிம்பு நீண்டு, இரண்டு முனைகளும் கீழ்நோக்கி வளையப் பார்க்கும். அதற்கு மேலே தளத்தை வெள்ளைப் பசையால் பரவலாகப் பூசி ஒட்டினேன். தளம் ஈரத்தில் விரிந்து, காய்ந்து சுருங்கி, இப்போது எதிர்ப்பக்கமாக இழுத்தது. ஒரு வாரத்தில் அணியம் மேசையிலிருந்து 6 மில்லிமீற்றர் எழும்பி நின்றது. மகள் பார்த்துவிட்டு வாழைப்பழம் என்றாள்.

அம்மிக்குழவியை மேலே வைத்து நிமிர்த்தலாம் என்று பார்த்தேன். குழவி இருக்கும் வரை நேராக இருந்தது. மூன்றாம் நாள் இரவு குசினி விளக்கைப் போட்டபோது இரண்டு கரப்பான்கள் அமரப் பக்கத்திலிருந்து இறங்கி ஓடின. கோதுமை மாவின் அருமை அவற்றுக்குத் தெரியும். நான்கு வங்குகளின் ஓரம் அரைவட்டமாக அரித்திருந்தது. அதோடு முதல் உடலைக் கைவிட்டேன்.

இரண்டாம் உடல்: 97

ஸ்கேன் இருந்தது. வண்ணம் தேவையில்லாத வங்குப் பக்கங்களை வீட்டு அச்சுப்பொறியிலேயே எடுத்தேன். தளமும் பக்கச் சுவர்களும் வண்ணத்தில் வேண்டும். வீட்டு மை நீர் பட்டால் கரையும். அதனால் அந்த எட்டுத் தாள்களைக் காலி வீதியில் ஒரு கடையில் லேசர் அச்சாக, 160 கிராம் தாளில் எடுத்தேன். ஒரு தாள் 90 ரூபா.

இந்தத் தடவை எலும்புக்கூடு நன்றாக வந்தது. வெட்டுக்கத்தியைத் தூக்கிப் போட்டுவிட்டு, மருத்துவ உபகரணக் கடையில் அறுவைச் சிகிச்சைக் கத்தியின் 3-ஆம் எண் கைப்பிடியும் 11-ஆம் எண் பிளேட்டுகளும் வாங்கியிருந்தேன். ஒரு மில்லிமீற்றர் மட்டையை ஒரே அழுத்தில் வெட்டக்கூடாது. நான்கு மெல்லிய இழுப்பு. முதல் இழுப்பு கோடு போடுவதற்கு, நான்காவது தானாகப் பிரிவதற்கு. ஒரு பிளேட் இரண்டு தாள் மட்டைக்குக்கூடத் தாங்காது. முனை மழுங்கியதும் மட்டை வெட்டுப்படாமல் கிழியும். கிழிந்த ஓரத்தைப் பிறகு எந்த உரசலும் சரிசெய்யாது.

மூன்று வாரம் கழித்துத் தளத்தை மேலே வைத்துப் பார்த்தேன். தளம் கட்டை. எலும்புக்கூடு அணியத்தில் துருத்திக்கொண்டு நின்றது. இங்கே நான் செய்ததை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. தளம் அச்சில் வந்தது, எலும்புக்கூடு என் கையால் வெட்டியது, ஆகவே பிழை என் கையில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, எலும்புக்கூட்டின் அணியத்தில் 7 மில்லிமீற்றரும் அமரத்தில் 7 மில்லிமீற்றரும் அறுத்தேன். பிறகு புகைபோக்கிகளுக்கான அடையாளங்கள் ஒன்றும் வங்குகளுக்கு நேரே வரவில்லை. அகலத்திலும் தளம் ஒன்றரை மில்லிமீற்றர் குறைவு. அப்போதுதான் தாளின் மூலையில் அச்சாகியிருந்த பத்து சென்ரிமீற்றர் அளவுகோல் கண்ணில் பட்டது. அடிமட்டத்தை வைத்தேன். 9.7.

கடையின் கணினி, ஓரங்கள் வெட்டுப்படாமல் இருக்கட்டும் என்று ஒவ்வொரு பக்கத்தையும் 97 சதவீதமாகச் சுருக்கி அச்சிட்டிருக்கிறது. கடைக்காரப் பையனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உண்மை அளவில் வேண்டும் என்று நான் சொல்லவில்லை, வாங்கும்போது அளக்கவும் இல்லை. அளவுகோலை அச்சிட்டவர் இதற்காகத்தான் அச்சிட்டிருக்கிறார். நான் அதை ஏதோ அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

இப்போது கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் 15 சென்ரிமீற்றர் உருக்கு அடிமட்டம் இருக்கும். முதல் தாள் வெளியே வந்ததும் அளந்துவிட்டுத்தான் மற்றத் தாள்கள். பையன் சிரிப்பான். சிரிக்கட்டும்.

மூன்றாம் உடல்

தை மாதம் வரை பொறுத்தேன். தையிலும் மாசியிலும் கொழும்புக் காற்று கொஞ்சம் உலரும். ஒரு சிறிய ஈரப்பதமானி வாங்கி மேசையில் வைத்தேன். வைகாசியில் 80-க்கு மேலேயே கிடந்திருக்கும் ஊசி, தையில் பகல் இரண்டு மணிக்கு 64 வரை இறங்கியது. உடலை ஒட்டும் வேலை எல்லாம் சனி, ஞாயிறு பகலில் மட்டும். இரவில் வெட்டினேன், மடித்தேன், ஒட்டவில்லை.

மட்டையில் தாளை ஒட்டுவதற்கு இப்போது சைக்கிள் டியூப்புக்குப் போடும் றப்பர் சொலூஷன். இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவி, ஐந்து நிமிடம் ஆறவிட்டு, ஒன்றன்மேல் ஒன்று வைக்க வேண்டும். நீர் இல்லாதபடியால் தாள் விரியாது. ஆனால் வைத்த இடத்திலிருந்து நகர்த்தவும் முடியாது, நாற்றமும் உண்டு. வருடங்கள் போகப் போக அது உலர்ந்து பிடிவிட்டுவிடும் என்பதால், வெட்டிய ஓரங்களில் மட்டும் வெள்ளைப் பசையை ஊசி முனையால் ஓடவிட்டேன். தடிப்பு 1.2. காடிகளை எல்லாம் பத்தில் இரண்டு மில்லிமீற்றர் அகட்டி வெட்டினேன். இப்போது வங்குகள் தம் எடையிலேயே இறங்கின.

தாளின் இழையையும் பார்த்தேன். தாளை நெடுக்காக ஒருமுறை, குறுக்காக ஒருமுறை மெல்ல வளைத்தால் எந்தப் பக்கம் எளிதாக வளைகிறது என்று தெரியும். எளிதாக வளையும் வளைவின் அச்சே இழையின் திசை. ஈரத்தில் தாள் இழைக்குக் குறுக்கேதான் அதிகம் விரியும். ஆகவே தளத்தின் இழை கப்பலின் நீளவாக்கில் ஓடும்படி அச்சிட்டேன்.

இனி, நான் யாருக்கும் சொல்லத்தக்க ஒன்று: வீட்டுத் தரைக்குப் பதித்து மிஞ்சிய 60 சென்ரிமீற்றர் தரை ஓடு. எந்த மரப்பலகையும் அவ்வளவு மட்டமாக இருக்காது. ஓட்டின்மேல் பொலித்தீன் விரித்து, அடித்தகட்டை நான்கு இடத்தில் ஒட்டுநாடாவால் பிடித்து, அதன்மேலேயே முழு எலும்புக்கூட்டையும் கட்டினேன். கட்டி முடிந்தும் எடுக்கவில்லை. அப்படியே வைத்து மரத்துக்கு அடிக்கும் சீலரை இரண்டு பூச்சு தூரிகையால் கொடுத்தேன். ஈரம் மட்டைக்குள் போகும் வாசலை அடைத்த பிறகுதான் ஓட்டிலிருந்து பிரித்தேன். திருப்பி வைத்து ஒரு தாளை அடியில் நுழைத்துப் பார்த்தேன். எங்கும் நுழையவில்லை. அன்றைக்கு வீட்டில் எல்லோரும் வந்து பார்க்க வேண்டியதாயிற்று.

பக்கச் சுவர் ஒட்டுவதில் ஒரு மணிநேரத்துக்கு ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல் போகவில்லை. சுவர் முழுவதும் பசை பூசுவதை விட்டு, வங்கின் ஓரத்தில் மட்டும் பல்லுக்குத்தியால் புள்ளி வைத்தேன். முழுவதும் பூசினால் வங்குகளுக்கிடையே சுவர் உள்வாங்கி, பட்டினி கிடந்த மாட்டின் விலாவைப் போல எலும்பு தெரியும். அமரத்தில் சுவர் உருண்டு திரும்பும் இடத்துக்கு முன்கூட்டியே தாளை ஒரு பால்பாயின்ட் பேனையின் மேல் உள்ளங்கையால் உருட்டி வளைவு பழக்கினேன். அணியத்தில் இரண்டு சுவர்களும் சேரும் இடத்தில் முதல் வங்கைக் கொஞ்சம் அதிகமாக உரசிவிட்டேன். தொலைந்த ஒரு மில்லிமீற்றர் அங்கேதான் போயிருக்க வேண்டும்.

வெட்டிய ஒவ்வொரு ஓரமும் வெள்ளையாகத் தெரியும். அதை அப்படியே விட்டால் எவ்வளவு நுட்பமாகக் கட்டினாலும் கப்பல் பள்ளிக்கூட வேலையாகத் தோன்றும். ஒட்டுவதற்கு முன் நீர்வண்ணப் பென்சிலால் ஓரத்தைச் சாம்பலாக்க வேண்டும். என்னிடம் இருந்த சாம்பல் கொஞ்சம் நீலமடித்தது. மண்ணிறப் பென்சிலை மேலே ஒருமுறை ஓடவிட்டதும் பொருந்திற்று. அமைதிக் காலத்தில் கிழக்காசியாவில் நின்றபோது எம்டனுக்கு வெள்ளைப் பூச்சு. கிழக்கின் அன்னம் என்று பெயரே உண்டு. வெள்ளைப் பதிப்பு கிடைத்திருந்தால் ஓரம் தீட்டும் வேலை பாதி குறைந்திருக்கும் என்று பல இரவுகள் நினைத்தேன். ஆனால் அம்மம்மாவின் எம்டன் சாம்பல் நிறம்தான்.

விளக்குமாற்றிலிருந்து பீரங்கிகள்

10.5 சென்ரிமீற்றர் பீரங்கிகள் பத்து: அணியத்தில் பக்கம் பக்கமாக இரண்டு, அமரத்தில் இரண்டு, நடுவே பக்கத்துக்கு மூன்று. குழல் ஒவ்வொன்றும் என் அளவில் 17 மில்லிமீற்றர். சாதாரணத் தாளைத் தையல் ஊசியின்மேல் சுற்றி இருபத்து மூன்று குழல் செய்தேன். ஏழு தேறின. அந்த ஏழும் ஏழு பருமனில் இருந்தன. விட்டுவிட்டு, பழைய விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குகளை உருவி நுனிப் பக்கத்தை வெட்டினேன். ஈர்க்கு தானாகவே ஒருபக்கம் தடித்து மறுபக்கம் மெலியும். பீரங்கிக் குழலும் அப்படித்தான். பத்தும் அரைமணி நேரத்தில் முடிந்தன. காகிதக் கப்பலில் காகிதத்தைத் தவிர எதுவும் கூடாது என்று சத்தியம் செய்தவர்கள் உண்டு. அவர்கள் இருபத்து மூன்று குழல் சுற்றட்டும். இரண்டு பாய்மரங்களும் ஈர்க்கின் அடிப்பகுதிதான். பச்சை ஈர்க்கு காயும்போது வளையும். வருடக்கணக்கில் முற்றம் கூட்டித் தேய்ந்ததே நல்லது.

நூல் வேலையில் ஒருமுறை சறுக்கினேன். முதலில் கட்டியது பருத்தி நூல். மாசியில் எதிர்பாராமல் இரண்டு நாள் மழை பெய்தது. பருத்தி ஈரத்தில் சுருங்கி இறுகி, முன்பாய்மரத்தைப் பின்னுக்கு இழுத்து வளைத்துவிட்டது. எல்லாவற்றையும் அறுத்துவிட்டு, பொலியெஸ்டர் தையல் நூலின் புரியைப் பிரித்து ஒற்றைப் புரியை மெழுகுதிரியில் இழுத்துக் கட்டினேன். மெழுகு பஞ்சையும் படிய வைத்தது. கைப்பிடிக் கம்பிகளை முயன்று பார்த்து, பசைத் துளிகள் வரிசையாக நின்றதைக் கண்டு பிடுங்கிவிட்டேன். அவை இல்லாமலேயே கப்பல் நிற்கிறது.

புகைபோக்கிகள் மூன்று. சுலபம், பொருத்து வரும் பக்கத்தை அமரத்தை நோக்கித் திருப்பினால் போதும். நான்காவதுதான் என் சொந்தச் சேர்க்கை. நான்கு புகைபோக்கி உள்ள பிரித்தானியக் கப்பல் யார்மவுத் போலத் தோன்றுவதற்காக எம்டன்காரர்கள் பொய்யாக ஒன்றை நிறுத்தினார்கள். அந்த வேடத்தோடுதான் 1914 ஒக்டோபர் 28 விடியலில் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து ரஷ்யாவின் செம்சுக்கை மூழ்கடித்தார்கள். முதலில் செய்தது துணியாலான தட்டைப் புகைபோக்கி; பக்கத்திலிருந்து பார்த்தால் சரி, முன்னாலிருந்து பார்த்தால் வெறும் கோடு. பிறகுதான் மரச்சட்டம் கட்டிப் பாய்த்துணி போர்த்தினார்கள். அந்தக் கப்பலிலேயே ஒருவர் மாதிரியுரு கட்டிக்கொண்டிருந்திருக்கிறார், அதுவும் என்னைப் போலவே முதல் தடவை பிழையாக! அதனால் நானும் இரண்டையும் செய்தேன்: ஒரு தட்டை, ஒரு உருளை. ஒட்டவில்லை, அடியில் ஒரு குண்டூசி, தளத்தில் ஒரு துளை. வேண்டும்போது செருகலாம்.

உருளையைச் செருகிப் படம் எடுத்து அண்ணாவுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "நான் தந்தது எம்டன் அல்லவா? இது வேறு கப்பல் போல இருக்கிறதே."

செலவும் அடுத்த தடவையும்

தாள்கள் அன்பளிப்பு. மட்டை 640, லேசர் அச்சு இருபது தாள் 1,800, பிளேட்டுகள் 800, கைப்பிடி 650, சொலூஷன் 390, வெள்ளைப் பசை 280, சீலரும் தெளிவான ஸ்பிரேயும் 1,150, பென்சில்கள் 900. ஆக 6,610 ரூபா. கண்ணாடிப் பெட்டி 6,500, அதற்குள் வைக்கும் சிலிக்கா மணிகள் 600. கப்பலை விடக் கப்பலின் வீட்டுக்கு அதிகம் போய்விட்டது. கொப்பியில் குறித்த நேரம், மூன்றாம் உடலுக்கு மட்டும், 131 மணி. முதல் இரண்டுக்கும் குறிக்கவில்லை, வேண்டுமென்றேதான்.

மீண்டும் கட்டினால் ஸ்பிரேயை வெட்டிய பிறகு அடிக்க மாட்டேன், தாளாக இருக்கும்போதே முதல் பூச்சு அடித்துவிடுவேன். லேசர் மை மடிப்புகளில் வெடித்து வெள்ளை தெரிவது அப்போது குறையும். படகுகளையும் காற்றுக் குழல்களையும் கடைசிக்கு விடாமல், கை அலுக்காத தொடக்க வாரங்களில் செய்து ஒரு தீப்பெட்டியில் போட்டு வைப்பேன். என் எம்டனின் வலப்பக்கப் படகுகளைப் பார்த்தால் நான் எந்த அளவுக்குக் களைத்திருந்தேன் என்று தெரியும். பெட்டியை அதனால்தான் அந்தப் பக்கம் சுவரோடு வைத்திருக்கிறேன்.

அடுத்தது சிட்னி. 1914 நவம்பர் 9-இல் கொக்கோஸ் தீவில் எம்டனை அடித்து நொறுக்கிய ஆஸ்திரேலியக் கப்பல். எம்டன் கொழும்புத் துறைமுகத்துக்குள் ஒருபோதும் வரவில்லை. அதிலிருந்து கைதானவர்களையும் காயப்பட்டவர்களையும் ஏற்றிக்கொண்டு சிட்னிதான் அந்த மாதம் 15-ஆம் திகதி இங்கே வந்தது. அதற்குப் புகைபோக்கி உண்மையாகவே நான்கு. தாள்கள் கிடைக்குமா என்று அண்ணாவிடம் கேட்டிருக்கிறேன்.

பெட்டிக்குள் வைத்த சிலிக்கா மணிகள் வாங்கும்போது நீலம். நேற்றுப் பார்த்தேன், பன்னிரண்டு நாளில் பாதி இளஞ்சிவப்பாகிவிட்டன. நாளை அவற்றைத் தாச்சியில் போட்டு மெல்லிய நெருப்பில் வறுக்க வேண்டும். அதற்கென்று ஒரு பழைய தாச்சி தேடிக்கொண்டிருக்கிறேன்; சமைக்கிற தாச்சியைத் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.